இரண்டு இழுப்பு, ஒரு தட்டு

ஊர்ப் பத்திரிகையில் சொலாஞ்ஜ் வேயெத்தின் மரண அறிவிப்பு எட்டு வரி வந்தது. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சென்-வால்மோர் ஐஸ் ஹாக்கி அணியின் உடுப்பறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசி வரியில் மட்டும், 'யார்மீதும் கசப்பு வைக்காத மனம்' என்று போட்டிருந்தார்கள். இறுதிச் சடங்கு நிலையத்தில் எல்லாப் பெண்களுக்கும் அந்த வரியைத்தான் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. நான் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு எதையும் பார்க்கும் நிலையில் இல்லை.

சொலாஞ்ஜ் கசப்பு வைத்திருந்தாள். இருபத்தைந்து வருடம், ஒரே ஆள் மீது வைத்திருந்தாள். குளிர்காலத்துக்கு ஊறுகாய் போட்டு வைப்பதுபோல, கெட்டுப்போகாமல், மூடி திறக்காமல் பார்த்துக்கொண்டாள். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதைச் சொல்லாமல் முடியாது.

அவள் என் கணவன் ஈவானின் அக்கா. அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். பகலில் ஆற்றோரத்துக் கையுறைத் தொழிற்சாலையில் தைப்பாள். வெள்ளி மாலையும் ஞாயிறு மதியமும் பனி அரங்கத்தில். ஸ்கேட்டுக்குச் சாணை பிடிப்பது, கிழிந்த ஜெர்சியைத் தைப்பது, ரத்தக் கறையைக் காய்வதற்குள் பச்சைத் தண்ணீரில் அலசி எடுப்பது. உயரமானவள், எலும்பு தெரியும் கைகள், வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "இருபது ஆம்பளைங்களோட அழுக்குத் துணியத் துவைக்கிறேன். இன்னொருத்தனோடது எதுக்கு?" என்பாள்.

எங்கள் லீக்கில் கோல் பார்க்க வருகிறவர்கள் குறைவு. ஆடுகிறவர்கள் வாரம் முழுக்க மரம் அறுப்பார்கள், லாரி ஓட்டுவார்கள், கூரை போடுவார்கள். வெள்ளிக்கிழமை பல் செட்டைக் கழற்றிக் காகிதக் குவளையில் போட்டுவிட்டுப் பனியில் இறங்குவார்கள். ஊரே பியரும் பொரித்த உருளைக்கிழங்குமாக உட்கார்ந்து, யார் யாரை அடிக்கப்போகிறான் என்று காத்திருக்கும். பெரிய லீக்குகளில் இடம் கிடைக்காத முரடர்களுக்கு எங்கள் லீக்தான் வீடு. ஈவான் ஆலையில் மரக்கட்டை ஏற்றும் வண்டி ஓட்டினான். அணிக்காகச் சண்டை போடுவது அவனுடைய இன்னொரு வேலை. வீட்டில் எலிப்பொறி வைக்கக்கூட மனம் வராதவன் அவன்.

அந்தச் சண்டைக்கும் ஒரு முறை உண்டு. இரண்டு பேரும் முதலில் கண்ணால் பேசிக்கொள்வார்கள். கையுறையைக் கழற்றி வீசுவார்கள். நடுவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். ஒருவன் விழுந்துவிட்டால் அதோடு நிறுத்த வேண்டும். ஒருவனுடைய ஜெர்சி தலைக்கு மேல் ஏறி முகத்தை மூடிவிட்டாலும் அதோடு நிறுத்த வேண்டும். முகம் மூடியவனை அடிப்பதில்லை. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆனால் எங்கள் ஊரில் ஸ்கேட் கட்டத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெர்சி அப்படி ஏறாமலிருக்க உள்பக்கம், முதுகின் கீழே, ஒரு பட்டை தைத்திருக்கும். அதைக் காற்சட்டையின் பின்புறம் கோத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். பட்டை மாட்டாமல் சண்டையில் ஜெர்சி ஏறிவிட்டால் அவனை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். தோளிலும் முழங்கையிலும் கவசம் கட்டிக்கொண்டவனுக்குத் தன் முதுகு எட்டாது. அதனால் பட்டையைத் தைப்பதும் சொலாஞ்ஜ், மாட்டுவதும் சொலாஞ்ஜ். மாட்டியபின் இரண்டு முறை பலமாக இழுத்துப் பார்ப்பாள். பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஒரு தட்டு. இழுப்பு தையலுக்கு, தட்டு ஆளுக்கு. "போ, பல்லோட திரும்பி வா," என்பாள். அந்தத் தட்டு வாங்காமல் எங்கள் சண்டைக்காரன் எவனும் பனியில் கால் வைத்ததில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் பிப்ரவரியில், கோத்-ரூஜ் ஊருக்கு ஆடப் போன நாளில், புது ஜெர்சிகள் வந்தன. விளம்பரதாரர் மாறியிருந்தார். வறுத்த கோழிக் கடைக்காரர். முதுகில் பெரிய மஞ்சள் சேவல் இல்லாமல் ஆடினால் ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார். காலையில் பெட்டி வந்தது, மூன்று மணிக்குப் பேருந்து. சொலாஞ்ஜ் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு அணியின் முதலாளி ஒரேலிடம் போனாள். ஒரேல் கல் குவாரி வைத்திருந்தவர்.

"துணி வெங்காயச் சருகு மாதிரி இருக்கு ஒரேல். பட்டைக்குப் பின்னாடி ஒட்டுத்துணி குடுத்துத் தைக்கணும். இன்னைக்குப் பழைய ஜெர்சியே போடட்டும்."

"சேவல் இல்லாம போனா அந்த ஆள் என்னை வறுத்துடுவான். ஒரு ஆட்டம்தான சொலாஞ்ஜ். வந்து தச்சுக்கோ."

அவள் பேருந்தில் உட்கார்ந்து இருபது பட்டைகளையும் ஒட்டுத்துணி இல்லாமல் தைத்தாள். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. "ஒத்துக்கிட்டது நான்தானே," என்று கடைசிவரை சொன்னாள்.

ஆட்டத்தின் இரண்டாவது பகுதியில் கோத்-ரூஜ் அணியின் பூலே ஈவானைப் பார்த்துத் தலையசைத்தான். ரெனே பூலே. கூரை போடுகிறவன். அதற்கு முன் ஆறேழு தடவை இருவரும் அடித்துக்கொண்டு, முடிந்தபின் ஒரே மேசையில் பியர் குடித்திருக்கிறார்கள். கையுறைகள் விழுந்தன. பூலே ஈவானின் முதுகுத் துணியைப் பிடித்து இழுத்தான். தையல் அப்படியே நின்றது. துணிதான் கிழிந்தது. மஞ்சள் சேவல் ஈவானின் தலைக்கு மேல் ஏறி முகத்தை மூடியது. கைகள் இரண்டும் ஜெர்சிக்குள் மேலே தூக்கியபடி மாட்டிக்கொண்டன.

அதோடு நிறுத்த வேண்டும். பூலே நிறுத்தவில்லை. துணிக்கு மேலேயே நான்கு குத்து. நான் நாலாவது வரிசையில் இருந்தேன். நான்குதான். மூன்றாவதில் ஈவானின் முழங்கால் மடங்கியது. நான்காவதில் விழுந்து, தலையின் பின்புறம் பனியில் இடித்தது. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

ஈவான் பதினான்கு மாதம் உயிரோடு இருந்தான். விளக்கு வெளிச்சம் ஆகாது. காபியில் உப்பைப் போடுவான். என் பெயர் வராமல் "நீ... நீ..." என்று கையை அசைப்பான். இரண்டாயிரமாம் வருடம் ஏப்ரலில், ஆற்றில் பனி உடைந்த வாரத்தில், காலையில் நான் எழுந்தபோது அவன் எழவில்லை. லீக் பூலேயை மூன்று ஆட்டங்களுக்கு நிறுத்தி வைத்திருந்தது. எங்களுக்கு ஒரு மலர்வளையம் வந்தது.

அழுதது நான். சொலாஞ்ஜ் அழுது நான் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, "நாலு," என்றாள்.

அதன்பிறகு எங்கள் அணி கோத்-ரூஜ் போகும்போதெல்லாம் அங்கே ஒரு புது விளையாட்டு தொடங்கியதாம். பேருந்திலிருந்து ஸ்கேட் பைகளை இறக்கிக்கொண்டு சொலாஞ்ஜ் வந்தால் கூட்டம் கத்தும்.

"ஏய் தையல்காரி! இன்னைக்கு எவனைக் கிழிக்கப் போற?"

"என் பேன்ட்டும் அவுந்துடுச்சு, வந்து தச்சுவிடேன்!"

நூற்கண்டுகளைப் பனியில் வீசுவார்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை. உருண்டு உருண்டு நூல் பிரியும். ஆட்டத்தை நிறுத்தி, பனியைச் சீராக்கும் வண்டிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். சொலாஞ்ஜ் தடுப்பைத் தாண்டி இறங்கி, அவன் அள்ளுவதற்கு முன் கைக்கு எட்டியதையெல்லாம் பொறுக்குவாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "அடுத்த தடவை கறுப்புல ரெண்டு போடுங்கடா, தீந்துபோச்சு!" என்பாள். கூட்டம் சிரிக்கும். அவள் சிரிக்கமாட்டாள். அந்த நூல்கள் எல்லாம் அவள் வீட்டில் பிஸ்கட் டப்பா ஒன்றில் சேர்ந்தன.

இரண்டாயிரத்தோராம் வருடம் செப்டம்பரில் ஒரேல் அவள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். அதுவே சரியில்லை.

"சொலாஞ்ஜ், ஒரு ஆள் மாத்திக்கிட்டோம். நம்ம ரெண்டு பேரைக் குடுத்து அவங்க ஒருத்தன எடுத்திருக்கோம்."

"யாரை?"

"நமக்கு இப்ப அடிக்கிற ஆள் இல்ல. போன வருஷம் நம்ம பசங்க என்ன உதை வாங்கினாங்கன்னு நீயே பாத்த..."

"பேரைச் சொல்லு ஒரேல்."

"பூலே."

நான் அங்கேதான் இருந்தேன். அடுப்பில் பட்டாணி சூப். சொலாஞ்ஜ் கரண்டியை எடுத்துக் கிளறினாள். ஒரேல் தரையைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு வேறு வேலை பார்த்துத் தருகிறேன், குவாரி அலுவலகத்தில் இடம் இருக்கிறது என்றார்.

"நான் ஏன் போகணும்? அவன் பட்டைய யார் தைப்பா?"

ஒரேலுக்கு ஆறுதலாகப் போயிற்று. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார். ஊரெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவள் கரண்டி பிடித்த விதம் தெரிந்தது.

முதல் நாள் உடுப்பறையில் நடந்ததை வீரர்கள் பிறகு சொன்னார்கள். பூலே ஒரு பெட்டி டோனட்டோடு வந்தானாம். பெரிய உடம்பு, உடைந்து கோணிய மூக்கு, சின்னக் குரல். அவள் முன்னால் போய் நின்றானாம்.

"சொலாஞ்ஜ், நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"இடுப்பு எத்தனை?"

"நாப்பது. நான் அன்னைக்கு..."

"ஸ்கேட் சாணை ஆழமா வேணுமா, மேலாப்பலயா?"

"மேலாப்பல."

"டோனட்ட வெளிய வை. ஜீனி துணில ஒட்டும்."

முதல் ஆட்டத்துக்கு அவன் முதுகைக் காட்டி நின்றான். அவள் பட்டையை மாட்டினாள். இரண்டு முறை இழுத்தாள். அவன் காத்திருந்தான். தட்டு விழவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் அடுத்தவனின் ஸ்கேட் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் முதல் ஆட்டத்தில் அவனைப் பார்த்து ஊளையிட்டார்கள். இரண்டாவதில் சும்மா இருந்தார்கள். மூன்றாவதில் அவன் வெளியூர்க்காரன் ஒருவனை நான்கே குத்தில் சாய்த்தபோது, ஈவானின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் மூன்று பேர் எழுந்து, "பூலே! பூலே!" என்று கத்தினார்கள். சொலாஞ்ஜ் வீரர்கள் உட்காரும் பெஞ்சின் கோடியில் நின்று அந்த மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாளாம். அந்த மூவரின் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதற்குப்பின் அவள் ஸ்கேட் சாணை பிடித்துக் கொடுக்கவில்லை. மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுவாள். மெஷின் அவள் கைக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஜனவரியில் கோத்-ரூஜ் போகும் வாரம் வந்தது. அவள் எனக்குப் போன் செய்தாள். ஈவான் விழுந்த நாளுக்குப்பின் நான் எந்த அரங்கத்துக்குள்ளும் போனதில்லை.

"மனோன், வெள்ளிக்கிழமை நீ வரணும்."

"என்னால முடியாது."

"நாலாவது வரிசைல டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன். பழைய இடம்தான்."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

கோத்-ரூஜில் அந்த வருடம் ஒரு புதுப் பையன் வந்திருந்தான். கெவின் லெமே, இருபத்து மூன்று வயது, கதவு அகலம். தன் ஊரைவிட்டு எதிர் அணிக்குப் போன பூலேயை அவன் வெளுக்கப்போகிறான் என்று அந்த ஊர்ப் பெட்ரோல் பங்கிலிருந்து தேவாலயம்வரை பேச்சாக இருந்தது. சொலாஞ்ஜ் வியாழக்கிழமை பூலேயின் ஜெர்சியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். பட்டையைப் பிரித்தாள். பிஸ்கட் டப்பாவிலிருந்து கோத்-ரூஜ் சிவப்பு நூல் ஒன்றை எடுத்து, மெஷினில் தைப்பதற்குமுன் தற்காலிகமாகப் போடுவோமே, அந்த ஓட்டுத் தையல் போட்டாள். விரலால் சுண்டினால் பிரியும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதை அவள் பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஆனால் வெள்ளிக்கிழமை நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது, பெஞ்சின் கோடியிலிருந்து அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் புரிந்தது. எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். முழுசாகப் பாதி ஆட்ட நேரம் இருந்தது. நான் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

பூலே தூரத்தில் கெவினைப் பார்த்துத் தலையசைத்தான். கையுறைகள் விழுந்தன. கூட்டம் எழுந்தது. என் முன்னால் நின்றவனின் முதுகை விலக்கிக்கொண்டு பார்த்தேன். கெவின் இடது கையால் பூலேயின் முதுகுத் துணியைப் பற்றி ஒரே இழுப்பு. பட்டை பிரிந்தது. ஜெர்சி தலைக்கு மேல் ஏறி முகத்தை மூடியது. அதே சேவல், அதே பக்கம், அதே கண்ணாடித் தடுப்பு. கெவின் ஒன்று விட்டான். துணிக்கு மேல், நெற்றிப் பக்கம்.

அப்புறம் நிறுத்திவிட்டான்.

கையை ஓங்கியபடி ஒரு கணம் நின்றான். ஓங்கிய கையை இறக்கினான். துணியை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். கூட்டம் அவனைத் திட்டியது. தேவாலயத்துப் பூசைச் சாமான் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லித்தான் எங்கள் பக்கம் திட்டுவார்கள். ஒன்றுகூட விட்டுவைக்கவில்லை. அவன் தோளைக் குலுக்கி, முகத்தை மூடிச் சைகை காட்டினான். அவன் கண்ணு தெரியல, நான் என்ன பண்ண, என்பதுபோல.

பூலே மட்டும் ஜெர்சியைக் கீழே இழுக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி, தலை மூடியபடி அப்படியே நின்றான். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. நாலாவது வரிசைக்குக் கேட்டது.

"அடிடா! ஏன்டா நிறுத்தற? அடி!"

நடுவர்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டை மாட்டவில்லை என்று சொல்லி ஆட்டத்தைவிட்டு வெளியேற்றினார்கள்.

நான் படிக்கட்டில் இறங்கி வீரர்கள் போகும் நடைக்கு ஓடினேன். சொலாஞ்ஜ் எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தாள். பூலே ஸ்கேட்டோடு ரப்பர் விரிப்பில் நடந்து வந்தான். நெற்றியில் வீக்கம். ஜெர்சி கையில். முதுகுப்பக்கம் அந்தச் சிவப்பு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முன்னால் நின்று அதை விரலால் தொட்டான்.

"நீ இழுத்துப் பாக்கல," என்றான்.

அவள் அந்த நூலைப் பார்த்தாள்.

"மூணு மாசமா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு தடவை இழுப்ப. நான் முன்னால சாயற அளவுக்கு இழுப்ப. இன்னைக்குத் தொடவே இல்ல. அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதான் போனியா?"

"தெரிஞ்சுதான் போனேன். நாலு வாங்கிட்டு வந்துடலாம்னு. அதோட சரியாயிடும்னு."

இதைக் கேட்டதும் சொலாஞ்ஜின் முகம் மாறியதை நான் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லாமல் இருந்தது. பிறகு சிவந்தது. இரண்டு வருடம் யோசித்து, ஒரு இரவு தைத்து, என்னையும் கூட்டிக்கொண்டுவந்து உட்காரவைத்து அவள் செய்த காரியத்தை, இந்த ஆள் தனக்கு வேண்டிய மருந்தாக எடுத்துக் குடிக்கப் பார்த்திருக்கிறான்.

"நிறுத்த முடியாதுன்னு லீக் விசாரணைல சொன்ன," என்றாள். "அந்த நேரத்துல கை தானா போகும், எவனாலயும் நிறுத்த முடியாதுன்னு. பேப்பர்லகூட வந்துது."

"ஆமா..."

"அந்தப் பொடியன் நிறுத்திட்டான்."

பூலே நெற்றி வீக்கத்தைத் தொட்டான்.

"இருபத்து மூணு வயசு. ஊரே அடி அடின்னு கத்துது. நீயும் உள்ளேர்ந்து கத்தற. அவன் நிறுத்திட்டான்."

"சொலாஞ்ஜ்... ஒண்ணுதான் விழுந்துது. மீதியையும் நீயே போடு. இந்தா, உன் கையாலயே போடு. மனோன், நீயாவது..."

என் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

சொலாஞ்ஜ் அவன் கையிலிருந்து ஜெர்சியை வாங்கினாள். தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மீதி மூணு உனக்குக் கிடைக்காது," என்றாள். "என் தையல்ல இனிமே உனக்கு ஒரு கீறல் விழாது. போ, குளி."

சொன்னதைச் செய்தாள். அந்த ஜெர்சியின் பட்டைக்குப் பின்னால் கான்வாஸ் துணி கொடுத்து, தொழிற்சாலையில் தோல் கையுறைக்குப் போடும் மெழுகு நூலால் மூன்று வரிசை தைத்தாள். அதை லாரியில் கட்டி இழுத்தாலும் வராது. பூலே இன்னும் மூன்று வருடம் எங்களுக்கு ஆடினான். அந்த மூன்று வருடத்தில் அவன் முகம் ஒருநாளும் மூடவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ஞாயிறும் அவன் முதுகைக் காட்டி நிற்பான். அவள் பொத்தானை அழுத்துவாள். இரண்டு இழுப்பு. அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பான். அவள் அடுத்தவனிடம் போய்விடுவாள்.

அந்த உடுப்பறையில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பயிற்சியாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"ஒரு தட்டு தட்டிவிட்டா என்ன குறைஞ்சு போயிடும் சொலாஞ்ஜ்? ஆள் தூங்கறதே இல்லையாம். கூரைமேல ஏறிட்டு எதுக்கு ஏறினோம்னு மறந்துடறானாம்."

"என் சம்பளம் இழுத்துப் பாக்கறதுக்கு," என்றாள். "தட்டறது என் இஷ்டம்."

அவன் விலகிய கடைசி ஆட்டத்தில் அரங்கம் நிரம்பியிருந்தது. கேக் வெட்டினார்கள், ஒரேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டத்துக்கு முன் பூலே முதுகைக் காட்டி நின்றபோது மற்ற பத்தொன்பது பேரும் நாடா கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்களாம். சொலாஞ்ஜ் இழுத்தாள். ஒன்று. இரண்டு. கையை எடுத்தாள். ஒருவன் பெருமூச்சு விட்டான். அவள் திரும்பி, "எவன்டா ஈரத் துண்ட பெஞ்சுமேல போட்டது?" என்று கேட்டாள்.

அவளுடைய வாழ்க்கையில் இது மட்டும்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கோடையில் தக்காளி போட்டாள். தொழிற்சாலையை மூடியபோது வாசலில் பலகை பிடித்துக்கொண்டு ஒன்பது நாள் நின்றாள். கெவின் லெமேவுக்குக் கல்யாணம் ஆனபோது, யாரென்றே சரியாகத் தெரியாத அந்தப் பையனுக்குத் தன் கையால் ஒட்டுப்போர்வை தைத்து அனுப்பினாள். கூட ஒரு துண்டுக் காகிதம்: 'நிறுத்தினதுக்கு'. அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ. என்னோடு ஞாயிற்றுக்கிழமை சீட்டாடுவாள், ஏமாற்றுவாள், கையும் களவுமாகப் பிடித்தால் கோபித்துக்கொள்வாள். ஈவான் போனபின் ஊரில் என்னை யாரும் சாதாரணமாகத் திட்டுவதே இல்லை. அவள் திட்டுவாள். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன்.

போன வருடம் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. நவம்பர் தொடக்கத்தில் மருத்துவமனையில், மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை விலக்கிவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டாள்.

"அவன் வருவான்."

"யாரு?"

"தெரியாத மாதிரி கேக்காத. அடக்கத்துக்கு வருவான். எல்லாரும் கட்டிப்பிடிக்கிற மாதிரி உன்னையும் கட்டிப்பிடிப்பான். முதுகக் குனிஞ்சு குடுப்பான். தட்டிடாத."

"தட்டினா என்ன ஆகும்?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"தூங்கிடுவான்," என்றாள்.

அவள் போனது வியாழக்கிழமை. சனிக்கிழமை மதியம் இறுதிச் சடங்கு நிலையத்தில் உடலை வைத்தோம். அவளுக்கு நெருங்கிய சொந்தம் நான்தான் என்பதால் பெட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றேன். வரிசை வாசல்வரை இருந்தது. பழைய வீரர்கள் எல்லோரும் வந்தார்கள். இப்போது தொப்பை, மூட்டு மாற்று அறுவை, பேரப்பிள்ளைகள். ஒவ்வொருவரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். நான் ஒவ்வொருவர் முதுகிலும் தட்டினேன். நம் கை அதைத் தானாகச் செய்யும். ஆறுதல் சொல்ல வந்தவருக்கே ஆறுதல் சொல்வதுபோல.

பூலே கடைசியில் வந்தான். அறுபது வயதிருக்கும். நல்ல கோட்டு போட்டிருந்தான். பெட்டியின் முன் நெடுநேரம் நின்றான். பிறகு என்னிடம் வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து என்மேல் கவிந்தது. அழுதான். அவன் முதுகு என் கைக்கு அடியில் இருந்தது. கோட்டுத் துணி நல்ல கனமான கம்பளி. என் வலது கை எழுந்துவிட்டது. நானாக எழுப்பவில்லை. உள்ளங்கைக்கும் அவன் முதுகுக்கும் நடுவே விரலளவு இடைவெளி இருந்தது.

கோபத்தில் அவளுக்கு நான் துணை நின்றதில்லை. இருபத்தைந்து வருடம் அவள் தனியாகச் சுமந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டாடினேன். அவள் போனதும் இந்தக் கசப்பும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். காபியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்து சிரிப்பானே ஈவான், அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

கையை இறக்கினேன். என் பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் காத்திருந்தான். அழுகை நின்றபிறகும் நிமிராமல் காத்திருந்தான். அறையில் யாரோ இருமினார்கள். கடைசியில் அவனே நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கைகளைப் பார்த்தான். எங்கே இருக்கின்றன என்று பார்த்தான்.

"வந்ததுக்கு நன்றி," என்றேன். "சாண்ட்விச் அந்தப் பக்கம் இருக்கு."